பச்சை பீரோவும் மீப்பாய்மமும்

உலகத்திலேயே மிகக் குளிரான பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது சுயம்புராஜுக்குத் தெரியும். அருமனைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் நிற்கிற ஒரு பொறியியல் கல்லூரியில், மின்விசிறி சுற்றாத ஆசிரியர் அறையில், கழுத்தில் ஈரத் துவாலையைப் போட்டுக்கொண்டு அவன் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தான். விடுமுறை நாட்களில் கணினிக் கூடத்தின் பழைய கணினிகளை வரிசையாக ஓட விட்டுக் கிடைத்த விடை அது. கல்லூரியின் மின் கட்டணம் கூடியதற்கு எலிதான் காரணம் என்று நிர்வாகம் முடிவு செய்ததால் ஆராய்ச்சி தடையின்றி நடந்தது.

விஷயம் இதுதான். டிஸ்ப்ரோசியம் என்று ஓர் உலோகம். பெயர் வாயில் நுழையாது. ஆனால் அதன் அணு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். இந்த அணுக்களைக் காற்றில்லாத ஒரு பெட்டிக்குள் விட்டு, லேசர் ஒளியால் தொட்டி கட்டி அடைப்பார்கள். பிறகு தொட்டியின் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். சூடேறித் துள்ளுகிற அணு விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். ஓடும்போது தன் பங்குக்கு மேலேயே சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மிச்சமிருப்பவை இன்னும் குளிரும். மறுபடி விளிம்பு தாழும். மறுபடி சில ஓடும். கடைசியில் தொட்டிக்குள் கிடப்பது, வெளியே போகிற எண்ணமே இல்லாத ஒரு கூட்டம். அதற்கு மீப்பாய்மம் என்று பெயர். உரசல் கிடையாது, ஒருமுறை சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றும்.

சுயம்புராஜின் கணக்கு அதற்கும் ஒரு படி மேலே. தொட்டியை வளையமாகக் கட்டினால், அந்தப் பாய்மம் துளித்துளியாகப் பிரிந்து, காலைக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நிற்கும். அப்படி நின்ற இடத்தில் நின்றுகொண்டே, துளிகளின் ஊடாக வளையம் முழுவதும் ஓடிக்கொண்டும் இருக்கும். ஒரே நேரத்தில் கல்லும் தண்ணீரும். எந்த அணு எந்தத் துளியில் என்று கேட்டால் பதில் கிடையாது, எல்லாம் எல்லாவற்றிலும்.

இதை அவன் விளக்கிச் சொன்ன ஒரே மனிதர் மெக்கானிக்கல் துறை ராஜமணி. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார்.

“இது நம்ம ஸ்டாஃப் மீட்டிங்குல்லா மக்கா? எல்லாவனும் வரிசையா இருப்பான். ஒருத்தனும் அங்க இருக்க மாட்டான்.”

ராஜமணி அங்கே பதினைந்து வருடமாகக் குளிர்ந்து கிடப்பவர்.

மே மாதம் ஐரோப்பாவில் ஒரு மலைநகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் வளையத்தை நாங்கள் உண்மையிலேயே செய்து பார்க்கப் போகிறோம், கூட இருந்து செய்ய வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அக்டோபரில் சேர வேண்டும். முனைவர் பட்டத்தின் அசல் சான்றிதழில், பின்பக்கம், அரசு முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். ஆகஸ்டு முடிவதற்குள் அது வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

சுயம்புராஜ் மின்னஞ்சலைப் படித்தான். பிறகு ஜன்னல் வழியாகத் தாளாளர் அறையைப் பார்த்தான். அங்கே ஒரு பச்சை பீரோ நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அசல் சான்றிதழ்களைச் ‘சரிபார்க்க’ வாங்கினார்கள். ஆறு வருடமாகச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. அவனுடையது மட்டுமல்ல, அந்தக் கல்லூரியின் எல்லா வாத்தியார்களின் படிப்பும் அந்தப் பீரோவுக்குள்தான் இருந்தது. வெளியே நடமாடியது உடம்பு மட்டும்.

தாளாளர் பொன்னுலிங்கம் ரப்பர் ஷீட் வியாபாரத்தில் வளர்ந்தவர். அவர் அறைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற கூண்டின் வாசனை வரும். ஷீட்டையும் பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்: அடித்து, நீட்டி, காய வைத்து, தரம் பிரித்து அனுப்புவது.

“யூரோப்பு வரைக்கும் போயி என்ன செய்யப் போறீரு?”

“அணுக்களக் குளிர வச்சு ஒரு புது நிலைய உண்டாக்கணும் சார்.”

“குளிர வைக்கவா? அதுக்கு ஏன் அம்புட்டு தூரம்? குளச்சல்ல எனக்க மச்சினனுக்க ஐஸ் பிளாண்ட் கெடக்கு.”

“இது வேற குளிர் சார். அண்டவெளியில கூட இந்தக் குளிர் கெடயாது.”

பொன்னுலிங்கம் சிறிது யோசித்தார். “அப்பம் அதுக்குள்ள என்னத்த வைப்பாவ?”

“ஒண்ணும் வைக்க மாட்டாங்க சார். அதப் பாப்பாங்க.”

“பாக்கியதுக்கா!” அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “செரி. எனக்க பிள்ளைய மாதிரிதான் நீரு. உமக்க சர்டிபிகேட்ட எனக்க கண்ணு மாதிரி பாத்து வச்சிருக்கேன். அட்மிஷன் நேரம் பாத்துக்கிடும். மூணு பிள்ளையளக் கொண்டு சேத்து விடும். அண்ணைக்கே எடுத்துட்டுப் போவும்.”

மே, ஜூன் வந்தால் அந்தக் கல்லூரியின் வாத்தியார்கள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கப் போவது வழக்கம். அருமனை, பத்துகாணி, களியல் என்று ரப்பர் தோட்டத்து வீடுகளின் படியேறி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நாய் கடித்தால் செலவு வாத்தியாருடையது. சுயம்புராஜ் வருடா வருடம் போவான்; வருடா வருடம் யாரையும் பிடிக்காமல் திரும்புவான். வீட்டுக்காரர்கள் கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், பையனிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிற சுபாவம்.

இந்த முறை ராஜமணி இரங்கினார். மழையில் ஸ்கூட்டரை ஒரு பலாமரத்தடியில் நிறுத்தி, தான் பிடித்த இரண்டு பேரை அவன் கணக்கில் விட்டுக்கொடுத்தார்.

“அதுவ ரெண்டும் எப்பிடியும் வரக்கூடியதுவதான். மார்க்கு அப்பிடி. இனி ஒண்ணு போதும் ஒனக்கு.” முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “ஒனக்க அக்கா வீடு இந்தா கெடக்கு.”

சுயம்புராஜும் பலாமரத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா பகவதிக்கு ஒரே பையன், ஸ்ரீஜித். நல்ல மதிப்பெண். அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. அவனுக்கு அதுதான் ஆசை. பகவதிக்குத்தான் என்ஜினியர் ஆசை. மாமன் வேலை பார்க்கிற கல்லூரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பிள்ளையை எதற்கு நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்ற வேண்டும்?

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“நீ ஒரு வாக்கு சொல்லு. நீ அங்கதான நிக்கிய, ஒனக்குத் தெரியாததா? சேத்துரவா?”

அத்தான் குவைத்தில். அந்த வீட்டில் தாய்மாமன் சொல்வதுதான் சொல். சரி என்று ஒரு வார்த்தை. இரண்டு எழுத்து. அதைச் சொன்னால் பச்சை பீரோ திறக்கும், அக்டோபரில் பனி விழுகிற ஊரில் ஒளியால் ஆன வளையத்துக்குள் அவனுடைய துளிகள் வரிசையில் வந்து நிற்கும். கதவோரம் ஸ்ரீஜித் நின்றான். மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். சுயம்புராஜ் கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“அங்க சேக்காண்டாம்க்கா.”

“ஏம்லே?”

“நான் அங்க நிக்கேன்லா. அதுனாலதான் சொல்லுகேன்.”

பகவதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “நீ சொன்னா செரி” என்றாள். அந்த ‘செரி’ வாசல் தாண்டுகிற வரைக்கும் அவன் முதுகில் இருந்தது.

ஆகக் கதவு மூடிவிட்டது. வேறு பிள்ளையைப் பிடிக்கலாம்தான். ஆனால் அக்கா மகனுக்கு வேண்டாம் என்று சொன்னதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நல்லது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரணியலில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்து, ஓட்டில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு, தன்னுடைய கணக்கையே திரும்பத் திரும்பப் புரட்டினான். அப்போதுதான் இத்தனை வருடம் கண்முன்னால் இருந்த ஒரு வரி உறைத்தது. தொட்டி யாரைப் பிடித்து வைத்திருக்கிறது? குளிர்ந்தவனை. சூடானவனைத் தொட்டி வைத்துக்கொள்வதில்லை. அவன் கெஞ்ச வேண்டியதும் இல்லை, அவனே விளிம்புக்கு மேலே போய்விடுகிறான். ஆறு வருடமாக அவன் ‘செரி சார்’ என்று சொல்லிச் சொல்லித்தான் பீரோவின் அடித்தட்டில் கிடந்திருக்கிறான்.

ஆனால் சூடாவது எப்படி என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. படித்ததெல்லாம் குளிர வைக்கிற வித்தை.

ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்லூரியின் சேர்க்கை விழா. வாசலில் வாழை கட்டி, ஃபிளக்ஸில் பொன்னுலிங்கம் கைகூப்பி நின்றார். உள்ளே துறைக்கு ஒரு மேசை, இயற்பியல் மேசையில் சுயம்புராஜ். முதல் ஆளாக வந்தவர் ஆன்ட்ரூஸ். கடலோரத்துக்காரர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சாரே, இங்க படிச்சா எல்லாருக்கும் வேல உறுதின்னு போட்டிருக்கே. கெடைக்குமா?”

சுயம்புராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“கெடைக்காது.”

ஆன்ட்ரூஸ் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக் குனிந்தார்.

“போன வருசம் எனக்குத் தெரிஞ்சு ஜினோவுக்குக் கெடச்சிது. நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்சவன். இப்பம் நம்ம காலேஜ் பஸ்ஸுதான் ஓட்டுகான். வெளிய நிப்பான், கேட்டுப் பாருங்க.”

“அப்பம் லேபு எல்லாம் கொள்ளாமா, நல்லா இருக்குமா?”

“எனக்க லேபுல ஒரு மைக்ராஸ்கோப்பு உண்டு. வருசத்துல ஒருநாள், இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளு வரும்போ, அதுக்குக் கண்ணாடி வரும். மறுநாள் போயிரும்.”

பக்கத்து மேசையில் ராஜமணி மெதுவாகத் தலையைத் திருப்பினார். வெற்றிலை மெல்வது நின்றுபோயிருந்தது.

உண்மை பேசுகிற மேசைக்கு என்ன நடக்கும் என்று அந்த மண்டபத்தில் அதற்கு முன்னால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கால்மணி நேரத்தில் மற்ற மேசைகளில் கூட்டம் வற்றி, எல்லாரும் இயற்பியல் மேசையில் வந்து மொய்த்தார்கள். ஒரு பெண்மணி, “சர்டிபிகேட்டக் குடுத்தா திருப்பித் தருவாவளா?” என்று கேட்டார். “நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு நிக்கேன்” என்றான் சுயம்புராஜ். சிரிப்பு கிளம்பியது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, பயம் போயிருந்தது. காது மட்டும் கொதித்தது.

பொன்னுலிங்கம் வந்து அவன் தோளில் கை போட்டு, எல்லாருக்கும் சிரித்துக் காட்டியபடியே, பின்பக்கம் பாத்திரங்கள் அடுக்கிய அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அண்டாக்களுக்கு நடுவில் நின்றதும் சிரிப்பைக் கழற்றினார்.

“ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“இல்ல சார். அடுத்த ஞாயிறு மார்த்தாண்டத்துல விழா இருக்குல்லா? அங்கயும் வரேன். சர்டிபிகேட்டு கைல கெடைக்கிய வரைக்கும் எல்லா விழாவுக்கும் வரேன்.”

பொன்னுலிங்கம் வியாபாரி. நஷ்டத்தைக் கண்டால் உடனே தெரியும். மறுநாள் காலை பச்சை பீரோ திறந்தது. ஃபைல் மேசையில் வந்து விழுந்தது.

“எடுத்துட்டுப் போலே. நன்றி கெட்ட பய. அது இருந்த இருப்பப் பாரு. ஒரு பூச்சி அரிச்சிருக்கா? ஒரு பூசணம் பிடிச்சிருக்கா?”

சுயம்புராஜ் ஃபைலைத் திறந்தான். முனைவர் பட்டம் பளபளவென்று மின்னியது. கெட்டியான பிளாஸ்டிக்குக்குள், நான்கு ஓரமும் ஒட்டி, மீன்தொட்டிக்குள் கிடப்பது மாதிரி கிடந்தது.

“சார்... லேமினேஷன் பண்ணியாச்சா?”

“பின்ன? எல்லாருக்கதயும் பண்ணியாச்சு. இந்த மழையில, ரப்பர் மரத்துக்கே பிளாஸ்டிக் கட்டி விடுகோம். படிச்ச படிப்புக்குக் கட்டாண்டாமா?”

அந்தக் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் கொடுமை. ஆறு வருடம் அடைத்து வைத்த மனிதன் அதன்மேல் பாசமும் வைத்திருந்தான்.

தக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களுக்கு முத்திரை வாங்கித் தருகிற ஒரு கடை. நடத்துகிற விக்டோரியா சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுக்க மேல எப்பிடி மக்கா சீல் வைப்பாவ? மீனுக்க முதுகுல ஸ்டாம்பு ஒட்டுன மாதிரி வழுக்கிரும்.”

“வேற வழி இல்லியா?”

“டூப்ளிகேட்டு கேட்டு எழுதணும். போலீஸ், பேப்பர் விளம்பரம், யூனிவர்சிட்டி. அதுக்குள்ள ஒனக்க அக்டோபரு போயிரும். இல்லேண்ணா சூடு காட்டி உரிக்கணும். வந்தா வந்திது. எழுத்து பிளாஸ்டிக்கோட போச்சின்னா எனக்க மேல குத்தம் சொல்லப்பிடாது.”

சுயம்புராஜுக்கு அந்த ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே கதைதான். தொட்டிக்குள் என்ன உண்டாகியிருக்கிறது என்று அடைத்து வைத்திருக்கிற வரை சரியாகத் தெரியாது. ஒளியை அணைத்துத் தொட்டியைக் கலைக்க வேண்டும். அணுக் கூட்டம் விரிந்தபடி கீழே விழும். விழுகிற வேளையில் ஒரே ஒரு படம். அதோடு அது இல்லை. விடுவித்துத்தான் பார்க்க முடியும், பார்த்தால் மிஞ்சாது.

“உரிச்சிருவோம்” என்றான்.

பழைய வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் சான்றிதழை வைத்து, இன்னொரு துணியால் மூடி, இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினாள். அவன் மூலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றான். பிளாஸ்டிக் சுருங்கி, முனகி, ஒரு ஓரம் எழும்பியது. பெயர் வந்தது. துறை வந்தது. தேதி வந்தது. கீழே பல்கலைக்கழகத்தின் நீல முத்திரையில் மட்டும் பிசின் விடமாட்டேன் என்றது. விக்டோரியா நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

பாதி முத்திரை காகிதத்தில் நின்றது. பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

“நம்பரு தெரியுது, கையெழுத்து கெடக்கு” என்றாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “தபால்ல விட்டா திருப்பி விட்டுருவாவ. நீயே சென்னைக்குக் கொண்டு போயி, நின்னு வாதாடு. நல்ல சத்தமா பேசத் தெரியுமா?”

“இப்பம் தெரியும்” என்றான் சுயம்புராஜ்.

இரணியல் ஸ்டேஷனில் சென்னை ரயில் சாயங்காலம் வந்து நின்றது. பாதி முத்திரையைத் துணிப்பைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான். ரயில் நகர்ந்து, ஈரமான தென்னைகள் பின்னால் போகத் தொடங்கியபோது பகவதி அழைத்தாள். குரலில் நல்ல சந்தோஷம்.

“மக்கா, ஒனக்க தாளாளரு நம்ம வீடு தேடி வந்தாரு கேட்டியா? அவ்வளவு பெரிய மனுஷன், செருப்பக் கழத்திப் போட்டுட்டு கேறி வந்தாரு.”

சுயம்புராஜ் எழுந்து கதவுப் பக்கம் வந்தான். “எதுக்குக்கா?”

“நீ அங்க சண்ட போட்டுட்டு எறங்குனியாம்லா? ஊரு பூரா பேச்சு. நீ அண்ணைக்கு வேண்டாம்னு சொன்னப்பமே நெனச்சேன், இது என்னமோ கோவத்துல சொல்லுகான்னு. மாமன் மேல உள்ள கோவத்தப் பிள்ள மேல காட்ட மாட்டேன், எனக்க பிள்ள மாதிரி பாத்துக்கிடுகேன்னாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சி.”

“சேத்துட்டியா?”

“பின்ன? அந்தால, அப்பமே சேத்தாச்சி.”

தூரத்தில் ஸ்ரீஜித் ஏதோ சொல்வது கேட்டது. பகவதி, “நீ சும்மா இருலே” என்றாள்.

விலையாகக் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று சொன்ன பிள்ளை, இப்போது விலையில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தான். விளிம்பைத் தாண்டியவனின் சொல்லுக்குத் தொட்டிக்குள் மதிப்பில்லை என்பதை அவனுடைய கணக்கு சொல்லாமல் விட்டிருந்தது.

“அக்கா, நான் சொல்லதக் கேளு. அவனுக்க அரசுக் காலேஜ் எடம் இன்னும் இருக்கும். நாளைக்கே போயி மார்க்ஷீட்டத் திருப்பி வாங்கு.”

“அதெப்பிடிக் கேக்க? குடுத்தாச்சே. சரிபாக்கக் கொண்டு போயிருக்காரு.”

அடுத்து நாகர்கோவில். இறங்கலாம். இறங்கி, பஸ் பிடித்து, அருமனை மேட்டில் ஏறி, கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவன் அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்வதை நம்பு என்று அக்கா காலில் விழலாம். அவள் சாயா போட்டுத் தருவாள். நம்ப மாட்டாள். நாளை மறுநாள் சென்னையில் முத்திரை ஜன்னலில் அவனுக்குக் குறித்த நேரம் தவறிவிடும், அடுத்த நேரம் கிடைப்பதற்குள் ஆகஸ்டு முடிந்துவிடும். நாகர்கோவில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சுயம்புராஜ் கதவுக் கம்பியைப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே நின்றான். ரயில் அவனைக் கொண்டு போயிற்று.

ஃபோன் இன்னும் காதில் இருந்தது. சொல்ல மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“அக்கா, ஒண்ணு மட்டும் செய்யி. அவருகிட்ட, அவனுக்க மார்க்ஷீட்டுக்கு லேமினேஷன் மட்டும் பண்ணாண்டாம்னு சொல்லு.”

“ஏம்லே?” பகவதிக்கு விளங்கவில்லை. “அது ஃப்ரீயாக்கும்.”